இம்மானுவேலுக்குக் குற்றாலத்தில் ஓர் அறை

தென்காசி
2 மார்ச் 2025

என் செல்ல மகள் ஷாரோனுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

போனில் பேசினால் உன் அம்மா பாதியிலேயே பிடுங்கிக்கொள்கிறாள். ஆகவே பழையபடி தாளும் பேனாவும் எடுத்துவிட்டேன். எழுதியதைப் பொன்செல்வி படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். தங்கச்சிக்காரி இந்த வேலையாவது பார்க்கட்டும்.

நீ வேலை பார்க்கும் கானாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து இறங்கிய நாள் முதல் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் எனக்கு வியாபாரமே ஓடவில்லை. கதைதான் ஓடுகிறது. வெங்காயம் எடுக்க வருகிறவன் எல்லாம் சிங்கம் பார்த்தீர்களா என்று கேட்கிறான். இல்லை, மோலே காட்டில் யானை பார்த்தேன் என்றால், "யானை பாக்கவா அண்ணாச்சி அம்புட்டுத் தூரம் போனீய?" என்று சிரிக்கிறான்.

மர உச்சிகளுக்கு நடுவே கட்டிய அந்தக் கயிற்றுப் பாலத்தைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன். பாதியில் என் கால் வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. நீ ஏற்பாடு செய்த வழிகாட்டி இம்மானுவேல் என் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தான். வெங்காயம் எங்கிருந்து வருகிறது, மழையில் அழுகாமல் எப்படி வைப்பீர்கள், யார் விலை சொல்வார்கள் என்று கேட்டுக் கேட்டே என்னை அக்கரை சேர்த்துவிட்டான். இது உன்னோடு இருக்கட்டும்.

கேப் கோஸ்ட் கோட்டையில் நான் அழுததை அம்மா சொல்லியிருப்பாள். அடிமைகளைப் பூட்டி வைத்த நிலவறைக்கு நேர் மேலே வேதக்கோவில் கட்டியிருக்கிறார்கள் ஷாரோன். மேலே சங்கீதம் பாடியிருக்கிறார்கள், கீழே மனிதர்கள் மூச்சுமுட்டிச் செத்திருக்கிறார்கள். அங்கே என்னால் நிற்க முடியவில்லை.

வழியில் இம்மானுவேல் தன் வீட்டுக்கும் எங்களைக் கூட்டிப்போனான். அவன் அம்மா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகுதான் என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டார்கள். வேனில் ஏறியதும் அவன் விளக்கினான். தண்ணீர் கொடுக்காமல் விருந்தாளியிடம் வந்த காரியத்தைக் கேட்கக் கூடாதாம். தண்ணீர் கிடைக்காமல் வந்தவனும் காரியத்தைச் சொல்ல மாட்டானாம். நல்ல பழக்கம். நம் சனம் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடும்.

கிளம்பும்போது அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, சாரல் விழும் நேரத்தில் குற்றாலத்துக்கு வா, என் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

முத்தங்களுடன்
அப்பா ஜெபசிங்


அக்ரா
25 மே 2025

அன்புள்ள அப்பா,

அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? மார்க்கெட்டில் கதை சொன்னது போதும், வியாபாரத்தையும் பாருங்கள். இங்கே முந்திரி சீசன் முடிகிற நேரம், ஆபீஸில் தலை நிமிர முடியவில்லை.

ஒரு சேதி. சுற்றுலா வழிகாட்டிகளுக்கான பயிற்சி ஒன்றுக்காக இம்மானுவேல் ஜூன் மாதம் கொச்சி வருகிறார். நீங்கள் கூப்பிட்டதை அவர் மறக்கவில்லை. ஜூன் 28 சனிக்கிழமை காலை தென்காசிக்கு வருவார்.

அவர் உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும் என்கிறார். என்னவென்று நான் எழுதிவிடுகிறேன் என்றேன். கூடாது, பெற்றவரிடம் நேரில் போய்த்தான் கேட்க வேண்டும் என்று நிற்கிறார். இதற்கு மேல் நான் எழுதினால் அவருக்குக் கோபம் வரும், உங்களுக்கும் புரியாமல் இருக்காது. நல்லபடியாகக் கேளுங்கள் அப்பா. எனக்காக.

உங்கள் மகள்
ஷாரோன்


தென்காசி
3 ஜூலை 2025

அன்பு மகள் ஷாரோனுக்கு,

அம்மா கூப்பிட்டால் எடுக்கிறாய், நான் கூப்பிட்டால் போன் அடித்து ஓய்ந்துபோகிறது. ஏதோ மனத்தாங்கல் என்று மட்டும் தெரிகிறது.

இம்மானுவேல் வந்தான். அன்றைக்குப் பார்த்து சுரண்டையிலிருந்து அய்யாத்துரை அண்ணாச்சி வீட்டார், தங்கள் பையனுக்குப் பொன்செல்வியைக் கேட்டுத் திடீரென்று வந்துவிட்டார்கள். வீடு கொள்ளாத கூட்டம். ஆகவே குற்றாலத்தில் நல்ல ஏசி அறையாகப் போட்டுக் கொடுத்தேன். நம் தெரு ஆட்டோக்கார சுப்புவைக் கூடவே அனுப்பி, மெயின் அருவி, ஐந்தருவி எல்லாம் காட்டச் சொன்னேன். "அருவிக்கு அடியில போயி அசையாம நிக்காரு அண்ணாச்சி. சனமெல்லாம் அவருகூட நின்னு போட்டோ எடுக்கு" என்று சுப்பு வந்து சொன்னான். ஒரு குறையும் வைக்கவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அல்வாவும் ரம்புட்டானும் வாங்கிக்கொண்டு அறைக்குப் போனேன். விடிந்ததுமே கொல்லம் ரயில் ஏறிப் போய்விட்டானாம். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? ஏதோ பேச வேண்டும் என்று எழுதியிருந்தாய், ஒன்றும் பேசவில்லை. அவசரமில்லாத விஷயம்போல என்று விட்டுவிட்டேன்.

அல்வா அப்படியே இருக்கிறது, வீட்டில் யாரும் தொடவில்லை. பொன்செல்வி வேறு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாள். சுரண்டை சம்பந்தம் அநேகமாக முடிந்த மாதிரிதான்.

அப்பா


அக்ரா
6 ஜூலை 2025

அப்பா,

வீடு கொள்ளாத கூட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா அம்மா, ஓர் அத்தை. அவ்வளவுதான் என்கிறாள் பொன்செல்வி. கூப்பிடும்வரை கீழே வரக் கூடாது என்று அவளை மாடியில் உட்கார வைத்திருந்தீர்களே, அந்த ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். வீட்டுக்குள் நடந்ததை அம்மா சொன்னாள்.

இம்மானுவேல் தன் ஊரில் நெய்த துணியில் தைத்த சட்டை போட்டுக்கொண்டு, அவர் அம்மா பெண் கேட்கக் கொடுத்தனுப்பிய சீர்ப் பொதியைக் கையில் பிடித்தபடி நம் கேட்டுக்கு வெளியே நின்றார். நீங்கள் கேட்டைத் திறக்கவே இல்லை. கம்பி வழியாகவே பேசினீர்கள். அம்மா சொம்போடு வந்து, "என்னங்க, அந்தப் பிள்ளை வெயில்ல நிக்குதுல்லா, தண்ணி குடுக்கட்டுமா?" என்று கேட்டாள். "உள்ள போடி" என்று விரட்டினீர்கள். அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்ததும் அய்யாத்துரை மாமா "யாரு அது?" என்றார். "நம்ம ஷாரோன் கம்பெனி டிரைவரு, ஊர் பாக்க வந்திருக்கான்" என்றீர்கள். பிறகு எல்லாரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டுக் கேசரி சாப்பிட்டிருக்கிறீர்கள். கோட்டையில் அழுதது நீங்கள்தானா அப்பா?

அவர் உங்களைக் குறையாக எதுவும் சொல்லவில்லை. "உன் வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். தண்ணீர் கிடைக்கவில்லை, அதனால் பேசவில்லை" என்றார். அந்தப் பொதியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். போன காரியம் என்ன ஆயிற்று என்று அவர் அம்மா என்னைக் கேட்டபோது, முகம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் அப்பா எல்லாரையும் போல இல்லை என்று இத்தனை நாள் அவரிடம் பீற்றிக்கொண்டேனே, அதற்கும் சேர்த்து வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பரில் எங்களுக்கு இங்கே கல்யாணம். உங்களைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

ஷாரோன்


தென்காசி
19 ஜூலை 2025

ஷாரோன்,

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். உன்னை எப்படி விளித்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன்.

வந்தவர்கள் முன்னால் கௌரவம் பார்த்து நான் தண்ணீர் கொடுக்காமல் விட்டதாக நினைத்திருப்பாய். அப்படி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கேட்டில் அந்தச் சட்டையையும் பொதியையும் பார்த்த உடனே அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் அம்மா சொம்போடு வந்தபோது என் மனதில் ஓடியது இதுதான்: ஒரு வாய் குடித்துவிட்டால் இவர் கேட்டுவிடுவார், கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும். தன் வீட்டு வழக்கத்தை அவர் ஆசையாக எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதை வைத்தே நான் அவர் வாயை அடைத்தேன். இத்தனை கேவலமான புத்தி எனக்குள் இருக்கும் என்று எனக்கே தெரியாது மகளே.

அம்மா சண்டை போடவில்லை. "பாலத்துல உங்கள யாரு கூட்டிட்டு வந்தா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதன்பிறகு அவள் முகத்தைப் பார்த்து என்னால் சாப்பிட முடியவில்லை.

வியாழக்கிழமை சுரண்டைக்குப் போனேன். "அன்னைக்கு வந்தவரு டிரைவர் இல்ல அண்ணாச்சி, என் மூத்த மகளக் கட்டப்போறவரு. நான்தான் பொய் சொன்னேன்" என்று அய்யாத்துரை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் தன் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "யோசிச்சுச் சொல்லுதோம்" என்றார். கொண்டுவந்து வைத்த காபியை யாரும் என்னைக் குடிக்கச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, உன் தங்கச்சி வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்று பயந்து பயந்து அவளிடம் சொன்னேன். "யோசிக்கட்டும்ப்பா. நானும் யோசிக்கணும்லா?" என்று சொல்லிவிட்டுப் பொன்செல்வி துணி காயப்போடப் போய்விட்டாள்.

இன்று போதகர் ஐயாவைப் பார்த்தேன். கல்யாணம் அங்கேயே நடக்கட்டும். ஆனால் நீ நம் கோவிலில் ஞானஸ்நானம் பெற்ற பெண். மூன்று ஞாயிறு கல்யாண ஓலை இங்கேயும் வாசிக்க வேண்டும் என்று கேட்டேன். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் என்று சபை முழுக்கக் கேட்கும்படி வாசிக்கட்டும். மார்க்கெட்காரர்கள் பாதிப்பேர் அங்கேதான் இருப்பார்கள். இருக்கட்டும். நீ சம்மதித்தால் மட்டும்தான்.

போதகர் பேனாவை எடுத்து, "மாப்பிள்ளை தகப்பனார் பேரு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை ஷாரோன். அந்த வீட்டில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டிருக்கிறேன். என் வியாபாரத்தைப் பற்றி அவர் அத்தனை கேட்டார், அவர் அப்பாவின் பெயரை நான் கேட்கவே இல்லை. "நாளைக்குச் சொல்லுதேன் ஐயா" என்று தலையைக் குனிந்துகொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

பெயரை எழுதி அனுப்பு, மகளே.

அப்பா


அக்ரா
21 ஜூலை 2025

அப்பா,

படித்தேன். ஓலை வாசிக்க எனக்குச் சம்மதம்.

உங்கள் கடிதத்தை அவரிடம் நான் காட்டவில்லை. அதில் இருப்பதை நீங்கள்தான் அவரிடம் சொல்ல வேண்டும். உங்கள் மார்க்கெட் இங்கிலீஷ் அவருக்கு நன்றாகவே புரியும்.

அவர் அப்பாவின் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் எழுத மாட்டேன். அவர் நம்பர் உங்கள் போனில் இருக்கிறது. நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். எடுப்பாரோ மாட்டாரோ என்று தயங்க வேண்டாம். நான் எதுவும் சொல்லி வைக்கவில்லை. இருந்தாலும் எடுப்பார்.

உங்கள் மகள்
ஷாரோன்