நாற்பத்தைந்து பாகை திருப்பிப் பார்த்தவளுக்கு

வாஷியிலிருந்து வரும் லோக்கல் ரயில் கோவண்டியை நெருங்கும்போது இன்று காலை மறுபடியும் அந்தப் புகை. குப்பைமேடு எங்கோ எரிகிறது. பெண்கள் பெட்டியில் எல்லோரும் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டார்கள். "ஏட்டி, மூக்கப் பொத்தாத. இது எங்க ஏரியா சாம்பிராணி" என்று, முதல்முறை உன் வீட்டுக்கு வந்தபோது என்னைக் கேலி செய்தாயே! அந்தச் சாம்பிராணிதான் உன் நுரையீரலைத் தின்றது. பாவி, அதைச் சொல்லியா சிரித்தாய்?

அன்று உன் அம்மா நமக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, "நாள் முழுக்க கம்ப்யூட்டர்ல அப்படி என்னத்தட்டி பாக்கிய?" என்று கேட்டார்.

"கண்ணுக்கே தெரியாத ஒண்ணும்மா. கரும்பொருள்னு பேரு. வெளிச்சம் விடாது, ஆனா கனம் உண்டு. அதுக்குப் பின்னால இருக்கிற விண்மீன் மண்டலமெல்லாம் அந்தக் கனத்தால கொஞ்சம் இழுபட்டாப்ல தெரியும். ஒண்ண மட்டும் பாத்தா ஒண்ணும் வெளங்காது. ஆயிரக்கணக்குல சேத்துப் பாத்தா, கனம் எங்க கெடக்குன்னு படம் போட்டுரலாம்" என்றாய்.

"தெரியாததுக்கா இம்புட்டுப் படிப்பு?" என்றார் அம்மா. நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

நாம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, விண்மீன் மண்டலங்களின் இரண்டு பெரிய கொத்துகள் மோதி ஒன்றையொன்று ஊடுருவிப் போன இடம். சூடான வாயு நடுவில் சிக்கி நின்றுவிட்டது. மண்டலங்கள் இருபுறமும் விலகிப் போய்விட்டன. கரும்பொருளும் அவற்றோடேயே போயிருக்க வேண்டும். உன் படத்திலோ, மண்டலமே இல்லாத நடுப்பகுதியில் ஒரு கட்டி. எங்கள் குழுத் தலைவர் சாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தக் கட்டியை வைத்துத்தான் உன் வேலையை நீட்டிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் எந்தப் படத்தையும் நம்புவதற்கு முன் நீ ஒன்று செய்வாய். ஒவ்வொரு மண்டலத்தின் வடிவத்தையும் கணக்கில் நாற்பத்தைந்து பாகை திருப்பிவிட்டு மறுபடி படம் போடுவாய். வடிவங்களை இழுத்தது நிஜமான கனம் என்றால், திருப்பிய படம் வெறுமையாக வர வேண்டும். எல்லோரும் ஒருமுறை செய்து விட்டுவிடுகிற சோதனைதான். நீ விடமாட்டாய். கட்டுரை அனுப்பவேண்டிய வாரத்தில், திருப்பிய படத்திலும் அந்தக் கட்டி லேசாக நின்றது. வடிவங்களை இழுத்தது வளிமண்டலக் காற்றாக இருக்கலாம், தொலைநோக்கியின் கோளாறாகவும் இருக்கலாம்.

"சின்னதுதானேம்மா, அடிக்குறிப்புல போட்டுக்கலாம்" என்றார் சார்.

"இல்ல சார். அது இருக்கணும்னு எனக்கு ஆசையா இருக்கு. அதான் பயமா இருக்கு" என்றாய்.

கட்டியைக் கட்டுரையிலிருந்து நீயே எடுத்துவிட்டாய். கட்டுரை சப்பென்று ஆனது, வேலையும் போனது. செம்பூரில் ஒரு டியூஷன் சென்டரில் இருமிக்கொண்டே பாடம் எடுத்தாய். இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் எனக்குச் சொன்னாய். அதற்குப் பிறகு நீ அதிக நாள் இருக்கவில்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

போன வாரம் விண்வெளித் தொலைநோக்கியின் புதிய படங்கள் கைக்கு வந்தன. அங்கே காற்றின் தொந்தரவு கிடையாது. அதே கொத்துகளை அளந்தேன். நீ முதலில் காட்டிய அதே இடத்தில் கட்டி. திருப்பினேன். வெறுமை. இருக்கிறதடி, அது நிஜமாகவே இருக்கிறது! அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் வராண்டாவுக்குப் போய் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"அப்போ எம்புள்ள சொன்னது சரிதானா?"

"சரிதான் அம்மா. அப்பறம் அத எடுத்தாளே, அதுவும் சரிதான். அன்னிக்கு இருந்த படத்த வச்சு யாராலயும் நிச்சயமா சொல்லியிருக்க முடியாது."



"ரெண்டும் சரின்னா, அவளுக்கு ஏன் வேல போச்சு?"

புதிய கட்டுரையில் உன் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன். சார் தினமும், "அனுப்பிட்டியாம்மா?" என்கிறார். உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பயம் அனுப்ப விடவில்லை. தினமும் உட்கார்ந்து திருப்பிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வெறுமையாகத்தான் வருகிறது.