இரண்டாவது மைக்

ஏனுங்க,

இளம்பிள்ளையில் அப்பாவின் சேலைக்கடைக்குப் போகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன். கத்தரிக்காய்க் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது. நேற்றிலிருந்து நான் பேசாதது வாயோடு சரி, குழம்பில் உப்புப் போட்டிருக்கிறேன்.

ரெக்கார்டிங் ரூம் சுவருக்குச் சத்தம் அடக்கும் பஞ்சுப் பேனல் அடிக்க சபரிநாதன் பதினோரு மணிக்கு வருவான். பேனல் மேல் போர்த்த அவன் காட்டிய துணியை நம்பாதீங்க. "ஸ்டுடியோவுக்குன்னே நெய்யறதுங்க அக்கா" என்றான். "எந்த ஊருத் தறியில சாமி?" என்றேன். உடனே அவனுக்கு போன் வந்துவிட்டது, மணி மட்டும் அடிக்கவில்லை. அவன் எதிரிலேயே துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்க. மூச்சு அந்தப் பக்கம் வந்தால்தான் சத்தமும் உள்ளே போய்ப் பஞ்சில் அடங்கும். வராவிட்டால் அது சோபா தைக்கிற துணி. வந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றச் சொல்லுங்க.

அடுத்த சந்தேகம் உங்கள் மேல். பாடப்போவது நீங்கள் ஒருத்தர், மைக் எதற்கு இரண்டு? நேற்றுக் கேட்டதற்கு "இருக்கட்டும்" என்றீர்கள். எங்கள் கடையில் அப்படிச் சொன்னால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். பதில் வரும்வரை என் தையல் மெஷின் அந்த ரூமை விட்டு நகராது.

அந்த ரூம் சாவி மீட்டர் பெட்டி மேல்.

பி.கு: சாவி தேடியபோது டிராயரில் நீங்கள் வரைந்த ரூம் பிளான் கிடைத்தது. இரண்டாவது மைக்குக்குப் பக்கத்தில் 'அமுதா' என்று என் பெயர் எழுதியிருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்று பாடியதோடு நான் வாயை மூடியவள். மெஷினை நகர்த்தப் போட்ட தூண்டிலோ என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை. எதற்கும் அந்த ஸ்டாண்டை நாலு விரல் இறக்கி வையுங்க. பிளானில் எழுதிய உயரத்துக்கு வைத்தால் மைக் என் நெற்றிக்கு நேராக நிற்கும்.