மாநிலம் மாறிய நாளில் உன் மாவு மில்

இன்று காலை வடசேரிச் சந்தையிலிருந்து காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்தேன். ஏதோ ஒரு மில்லிலிருந்து சூடான அரிசிமாவு வாசம் வந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். சிநேகிதி, நீ போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும், புருவமெல்லாம் மாவு வெள்ளையாக எட்டிப் பார்த்து, "ஏட்டி, என்ன பாத்துட்டு நிக்க?" என்று கேட்பாய்போல இருந்தது.

உன் கணவர் இறந்த பிறகு, இருந்த நகையை விற்று மாவு மில் வைக்க நீ மோட்டார் வாங்கினாய். அந்த வருஷம், 1956-ல்தான், நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு நவம்பர் ஒண்ணாந் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்வது உறுதியாயிற்று. ஊரே கொண்டாடியது, நீயும்தான். உன் அண்ணன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"கரண்டு வாறது மூணாறு மலையில இருந்து. மலை மலையாளத்துக்காரங்களுக்குப் போயிரும். கோடு போட்டதும் கம்பிய அறுத்துப் போடுவான். மோட்டார இப்பமே வித்துரு."

இரணியலிலிருந்து ஒருவர் அடிமாட்டு விலைக்குக் கேட்டும் வந்துவிட்டார். நீ அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு மின்சார ஆபீசுக்குப் போனாய்.

"ஒண்ணாந் தேதிக்குப் பொறவு கரண்டு வருமா சார்?"

அங்கிருந்த மலையாள அதிகாரி சிரித்தார். "வரும்ணுதான் தோணுது அம்மா. நான் எங்க இருப்பேன்னுதான் தெரியல."

திரும்பி மில் வாசலுக்கு வந்ததும் நீ சொன்னாய்: "ஒண்ணாந் தேதி காலம்பற யாரு வந்தாலும் சும்மா அரைச்சுக் குடுப்பேன். எல்லார்ட்டயும் சொல்லிரு."

"கரண்டு வரலேன்னா?"

"வரலேன்னா எல்லாருமாச் சேந்து பாப்போம்."

ஒண்ணாந் தேதி விடிந்ததும் ஊரெங்கும் கொண்டாட்ட வெடிச்சத்தம். தெருப் பெண்கள் எல்லாரும் ஊறவைத்து உலர்த்திய அரிசியோடு வந்துவிட்டார்கள். வரிசையில் உன் அண்ணனும் ஓர் ஓலைப்பெட்டி அரிசியோடு நின்றார்! நீ சுவிட்சைப் போட்டாய். மோட்டார் உறுமியது. பெண்கள் குரவையிட்டார்கள்.

பாதி அரைவையில் மோட்டார் நின்றது.

"நான் சொன்னேம்லா! அறுத்துட்டான்!" என்று அண்ணன் கத்தினார். நீ தெருவுக்கு ஓடினாய். நானும் பின்னால் வந்தேன். சற்று நேரத்தில் மின்சார ஆபீசுக்காரர் ஒருவர் வந்து, தெரு முக்கில் இருந்த கரண்டுக் கம்பத்தில் ஏறினார். மேலிருந்தே குரல் கொடுத்தார்.

"யக்கா, யாரும் ஒண்ணும் அறுக்கல. கம்பியில காக்கா அடிபட்டுக் கெடக்கு!"

தெருவே சிரித்தது. கடைசியில் அண்ணனும் சிரித்துவிட்டார். கரண்டு வந்ததும் முதலில் அவருடைய அரிசியைத்தான் அரைத்துக் கொடுத்தாய். அதற்குப் பிறகும் அதே மலைக் கரண்டில்தான் உன் மில் ஓடியது. ஆபீசில் ஆள்தான் மாறினார்.

எல்லாரும் போன பிறகு கேட்டேன், உனக்குப் பயமே இல்லையா என்று.

"நல்லாக் கேட்ட போ! கை நடுங்குனத நீ பாக்கலியா? நடுக்கம் நிக்கட்டும்னு இருந்தா அரிசிதான் புளிச்சுப்போவும்."

நாளை எனக்குக் கண் ஆபரேஷன். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. போய் வருகிறேன் மக்கா.