சூட்டுக்கை

அம்மாவுக்கு உன் மூத்தவ எழுதிக்கிறது,

நான் நல்லா இருக்கேன். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் வெளிச்சம் கூசுதா? நீ கண்ணைச் சிரமப்படுத்தாதே, தங்கச்சியைப் படிச்சுக் காட்டச் சொல்லு. அன்னிக்கு நான் பக்கத்துல இல்லாம போயிட்டேன்.

என்னை வார்டுக்குப் பொறுப்பா போட்டிருக்காங்கம்மா. நாற்காலி, கம்ப்யூட்டர், ஓயாத போன். ஆள் பத்தாம ஓடி ஓடி, துணி அறையில போய் அழற சின்ன நர்ஸுங்களைத் தேத்தி அனுப்புறதும் நான்தான். நோயாளியைத் தொட்டே நாளாச்சு.

கண் தெரியாத ஒரு பெரியவர் இங்க இருக்கார். நோயாளியைத் தொடுறதுக்கு முன்னாடி நான் உள்ளங்கையைப் பரபரன்னு தேய்ச்சுக்குவேன்ல, அதுக்காக எனக்கு "சூட்டுக்கை"ன்னு பேர் வச்சவர். ஒரு வாரமா என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தார். "இதோ வர்றேன்னு சொல்லு"ன்னே நாளைக் கடத்திட்டேன். நேத்து அவசரமா போய் நாடி பிடிச்சேன். வெடுக்குன்னு கையை இழுத்துக்கிட்டார்.

"புதுசா வந்தியாம்மா? கை ஜில்லுன்னு இருக்கே. சூட்டுக்கை வேலையை விட்டுப் போயிட்டாளா?"

நான்தான்னு சொல்ல வாய் வரல. "இருக்கா தாத்தா, வரச் சொல்றேன்"னு சொல்லிட்டு வந்துட்டேன். நினைச்சா சிரிப்பா இருக்கு, நீ மனசுல வச்சுக்காதே.

நான் போனை எடுக்கலேன்னாலும் விடாம கூப்பிடும்மா.

டியூட்டிக்கு நேரமாச்சு. தங்கச்சி, இது உனக்கு: கண்ணுல மருந்து விடறதுக்கு முன்னாடி கையை நல்லாத் தேய்ச்சுச் சூடாக்கிக்கோ. ஜில்லுன்னு இருந்தாலும் அம்மா வாயைத் திறந்து சொல்ல மாட்டா.