நிறுவை குறைந்தால் நல்லது

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. காலில் போட்ட சப்பாத்து இரண்டும் ஊறி, இப்போது அடுப்படியில். உம்மாவின் ஏச்சு.

9ஆம் கட்டில் பொன்னுத்தாயி நாளை வீட்டுக்கு. மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தோட்டம், கொழுந்து பறிக்கிறவர். வயது நாற்பது என்கிறார், அவருக்கே நிச்சயமில்லை. இதய பலவீனம். வந்தபோது கால் இரண்டும் வீக்கம், படுத்தால் மூச்சு வாங்கும். நீர் மாத்திரையில் எட்டு நாளில் உடம்பு பதினொரு ராத்தல் இறங்கியது. கணுக்கால் எலும்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரிக்கிறார்.

நவம்பர் 4, செவ்வாய்

பொ.வுக்குச் சொல்லிக்கொடுத்தவை:
– மாத்திரை காலையில் ஒன்று. இரவில் போட்டால் தூக்கம் போகும்.
– உப்பு குறைவு. கருவாடு கூடவே கூடாது. (முகம் வாடிவிட்டது.)
– தினம் ஒரு வாழைப்பழம். சிறுநீரோடு சத்தும் போய்விடும்.
– தினமும் நிறுவை. கூடினால் உடனே வர வேண்டும்.

"காலையில போட்டா மலையில நிக்கிறப்ப வருமே நர்சம்மா, எங்க போறது?" என்று கேட்டார். சுற்றிலும் ஆட்கள், மேலே கங்காணி, ஒதுங்க இடமில்லை. எப்படியாவது போடுங்கள் என்றேன். சொல்லும்போதே வெட்கம்.

தோட்டத்தில் தராசு உண்டா என்று கேட்டேன். உண்டாம், தினமும் மூன்று தடவை நிறுக்கிறார்களாம். மூன்று எதற்கு, காலையில் ஒன்று போதுமே என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். தோட்டத்தில் இவ்வளவு அக்கறையா என்று எனக்குச் சந்தோஷம்.

நவம்பர் 17, திங்கள்

கிளினிக். கூட்டம். சப்பாத்து இன்னும் நாறுகிறது.

பொ. வரவில்லை. கணவர் ராமையா மட்டும், மாத்திரை வாங்க. பாதி வழி பஸ், பாதி நடை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நிறுவை எப்படி என்றேன்.

"கொறஞ்சிக்கிட்டே வருதுங்க. அதான் கவலயா இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கவலைப்படாதீங்க, குறைஞ்சா நல்லதுதான், கூடினாத்தான் வரணும் என்றேன். எதையோ கேட்க வாயெடுத்தார். பின்னால் வரிசை நீளம். நிறுவை குறைகிறது என்று டாக்டரிடமும் நானே சொன்னேன். மாத்திரை அதே அளவு என்று எழுதினார்.

நல்ல நாள். வாப்பா கடையிலிருந்து பேரீச்சம்பழம்.

டிசம்பர் 1, திங்கள்

தோட்டத்து லொறியில் பொ. தொடை வரை வீக்கம், உதடு நீலம். படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே மூச்சு இழுக்கிறார். மறுபடி 9ஆம் கட்டில். ஊசி. ஒட்சிசன்.

ஏன் முன்னமே வரவில்லை என்று ஏசினேன். ஆமாம், ஏசினேன். விட்டு விட்டுச் சொன்னார்.

"நிறுவை கொறஞ்சா... நல்லதுன்னு... சொன்னீங்களாமே."

ராமையா மடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். பென்சில் எழுத்து. 38, 31, 24, 17, 9. எல்லாம் ராத்தல். எல்லாம் கொழுந்து.

தோட்டத்தில் நிறுவை என்றால் கொழுந்து நிறுவைதான். ஆளை யார் நிறுக்கிறார்கள்? பறிக்கச் சக்தியில்லாமல் நாளுக்கு நாள் கூடை இளைத்திருக்கிறது. நான் நல்லது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். கடைக்காரர் மகள் நான், தராசைப் பார்த்து வளர்ந்தவள். 'உங்களை' என்று ஒரு சொல் கூடச் சேர்த்திருந்தால் போதும்.

மாத்திரையும் பாதிக்கு மேல் மிச்சம். மலைக்குப் போகாத நாளில் மட்டும் போட்டாராம். உடம்பை நிறுத்திருந்தால், நீர் கூடுவதை அதுவாவது காட்டிக்கொடுத்திருக்கும்.

சாப்பிட முடியவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

மழை இல்லை. நான் போவதற்குள் 9ஆம் கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள்.

ராமையா வராந்தாவில். முகத்தில் கோபமில்லை, அதுதான் தாங்கவில்லை.

"ஒன்னு மட்டும் சொல்லுங்க நர்சம்மா. கொறஞ்சா நல்லதுன்னீங்களே, யாருக்கு நல்லது?"

உடலை ஏற்ற லொறி வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட, போய்விட்டார்.

11ஆம் கட்டில் இன்று வீட்டுக்கு. இவரும் கொழுந்து பறிக்கிறவர்தான். நீர் மாத்திரை. பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் உங்களை, என்று தொடங்கினேன். பிறகு எழும்பி, அவரையே வார்டுத் தராசில் ஏற்றிக் காட்டினேன்.