எஞ்சினியர் சக்கரபாணி எறிந்த எலுமிச்சம்பழம்

விழுப்புரம்
12-7-1986

அன்பு மகள் வடிவுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம் என்றும் உனக்கு உண்டு. நானும் தம்பி வேணுவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். மாப்பிள்ளையின் கடிதம் நேற்று கிடைத்தது. அப்பா போன செய்தி தெரிந்ததிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, என் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய் என்று எழுதியிருக்கிறார்.

ஏழு மாத வயிற்றோடு பிலாயிலிருந்து ரயிலில் இடிபட்டு வருவதா? அதுவும் பிள்ளைத்தாச்சி சாவு வீட்டுக்கு வருவதா? உன்னை அழைத்து வரவேண்டாம் என்று மாப்பிள்ளைக்குத் தந்தி அடிக்கச் சொன்னது நான்தான். கடைசியாக அப்பா முகத்தைப் பார்க்க விடவில்லை என்று உனக்குக் கோபம். இருக்கட்டும். அதை என்மேல் காட்டு, சோற்றின்மேல் காட்டாதே.

கருமாதி நல்லபடியாக முடிந்தது. திண்டிவனத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பொதுப்பணித்துறையில் அத்தனை வருஷம் வெயிலில் காய்ந்த மனுஷன், அவர் கட்டிய பாலங்களைப் பற்றி ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே! ஒருவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அப்பா தினமும் ஆபீசுக்குப் போகும் காலை ரயில் திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் பழுது பார்த்துக் கொடுத்ததாம். ஒரு அம்மாள், தன் மகளின் கல்யாண ரவிக்கையை அப்பாதான் தைத்தார் என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். எனக்கோ உன் கவுன்தான் ஞாபகம் வந்தது. பாலத்துக்குப் போடுவதுபோல் பிளான் போட்டு வெட்டி, தைத்து முடித்த பிறகுதானே தலை நுழைய வழி விடவில்லை என்று தெரிந்தது!

ஸ்டேஷன் டீக்கடை சவுரிராயன் மட்டும் என்னிடம் தனியாக வந்து, "தப்பா நெனச்சிக்காதீங்கம்மா, சார் என் ரேடியோவப் பிரிச்சி வச்சிக்கினு இருந்தாரு" என்று இழுத்தார். தேடினால் ஆர்மோனியப் பெட்டிக்குள் பாதி, அரிசி டின்னின் மேல் பாதி. வேணு உட்கார்ந்து பூட்டிக் கொடுத்தான். இரண்டு திருகாணி மிச்சம், ஆனாலும் பாடியது. "சார் பூட்னாலும் ரெண்டு மிச்சம் இருக்கும்மா" என்று அவர் சொன்னதும், கருமாதி வீடு என்பதையே மறந்து எல்லோரும் சிரித்துவிட்டோம்.

பாண்டுரங்கன் மாமாவும் வந்திருந்தார். "பொறக்கறது பையனா இருந்தா என் பேருதான் வைக்கணும்" என்று கருமாதிப் பந்தியிலேயே ஆரம்பித்துவிட்டார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. போன வருஷம் காணைக்குப் பக்கத்தில் நம் சொந்த ஊர்த் திரௌபதியம்மன் திருவிழாவில் நடந்ததை மறந்துவிட்டாயா? அர்ச்சுனன் வேஷம் கட்ட வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். பாட்டெல்லாம் தெரிந்தவர் என்று ஊரே அப்பாவைப் பிடித்துக்கொண்டது. அர்ச்சுனன் தவம் செய்ய ஏறும் தபசு மரத்தை ஆட்டிப் பார்த்து, இரண்டு முட்டுக் கொடுக்கச் சொல்லிவிட்டு, பாடிக்கொண்டே உச்சிக்கு ஏறினார். பிள்ளை வரம் கேட்டு ஈரப் புடவையோடு மடியேந்தி நின்ற பெண்களில் நீயும் ஒருத்தி. அர்ச்சுனன் மேலிருந்து எறியும் எலுமிச்சம்பழம் யார் மடியில் விழுகிறதோ அவளுக்கு வரம். யார், எவர் என்று பார்க்காமல்தான் எறிய வேண்டும். இவரோ உன்னைப் பார்த்ததும் அர்ச்சுனனை மறந்துவிட்டார். விரலை நனைத்துத் தூக்கி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்ததை ஊரே பார்த்தது. அப்படிக் குறி வைத்து எறிந்த பழம் நேராக மாமாவின் வழுக்கைத் தலையில் பட்டு, எகிறி உன் மடியில் விழுந்தது. அன்றிலிருந்து மாமாவைப் பார்ப்பவர்கள் எல்லாம், "ஒங்களுக்கு எத்தினியாவது மாசம்?" என்றுதான் கேட்கிறார்கள்.

அன்று இறங்கி வந்ததும் அப்பா என்னிடம் சொன்னதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. "மேல ஏறச்ச பயம் இல்ல தேவகி. பாப்பா மடியேந்திக்கினு நின்னதப் பாத்ததும்தான் காலு நடுங்கிச்சி" என்றார்.

பங்குனியில் உன் நல்ல சேதி வந்ததே, அந்தக் கடிதத்தை ரயிலுக்கு எடுத்துப்போய்ப் பெட்டி முழுக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். அந்த மும்முரத்தில் திண்டிவனத்தில் இறங்க மறந்து ஒலக்கூர் வரை போய்த் திரும்பினார். ஆபீசுக்குத் தாமதமாகப் போனதையும் பெருமையாகத்தான் சொன்னார். உன்னை நினைத்துச் சந்தோஷமாகப் போன மனுஷன், வடிவு. தூக்கத்திலேயே, வலி தெரியாமல் போனார்.

மாப்பிள்ளையின் சிநேகிதர் அடுத்த வாரம் அங்கே வருகிறாராம். மல்லாட்டையை வறுத்துத் தோல் ஊதி வெல்லப்பாகில் பிடித்த உருண்டையும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயைக் கொஞ்சமாகத் தொட்டுக்கொள். இரும்பு மாத்திரையை மறக்காதே.

இங்கே வேணு தட்டை வைத்துவிட்டு என்னை மிரட்டிக்கொண்டு நிற்கிறான். எனக்குத்தான் இன்னும் சோறு இறங்கவில்லை. அதற்கு நாள் ஆகும். உன் பங்குக்கும் சேர்த்து இங்கே நான் அழுதுவிட்டேன். என் பங்குக்கும் சேர்த்து அங்கே நீ சாப்பிடு கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
தேவகி