மணி அடிக்காமல் போன வாரம்

பிப். 10, திங்கள்

பனி. ஏழு மணிக்கும் வெளிச்சம் சரியாக இல்லை. இவருக்கு இந்த வாரம் மைன்ஸில் நைட் ஷிஃப்ட். ஆறரைக்கு ஷிஃப்ட் பஸ்ஸில் வந்து இறங்கினார், காபிகூட வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

எங்கள் வரிசையில் காலையில் யாரும் சைக்கிள் மணி அடிப்பதில்லை. எந்த குவார்ட்டர்ஸில் யார் நைட் முடித்துத் தூங்குகிறார்களோ. கீரைக்காரரே வாயைத் திறக்காமல் கேட் கேட்டாக நின்றுவிட்டுப் போவார். நான் அதற்கும் ஒரு படி மேல். வாசல்படியில் சைக்கிளை இறக்கும்போது மணி தானாகக் கிணுங்குகிறது என்று நைட் வாரத்தில் அதன்மேல் பழைய பனியன் துணியைச் சுற்றிவிடுவேன். வரிசை தாண்டியதும் அவிழ்க்க வேண்டும். இன்று அவிழ்க்கவில்லை.

டபுள் ரோட்டில் தூங்குமூஞ்சி மரத்து இலை மெத்தை மாதிரி கிடக்கிறது. பெருக்குகிற அம்மா ஆரஞ்சு கோட்டில், வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு. மூன்று வருடமாக இப்படித்தான்: நான் மணி அடிப்பேன், அவர் திரும்பாமலே ஓரமாக நகர்வார், நான் போவேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றும் அடித்தேன். சத்தம் வரவில்லை. வலது பக்கம் பஸ், விலக இடமில்லை. பிரேக் பிடித்தும் இடித்துவிட்டேன். கையை ஊன்றி விழுந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினேன். “ஒண்ணும் இல்லீங்க, நீங்க போங்க, சூப்பர்வைசர் வர்ற நேரம்” என்று அவர்தான் என்னை விரட்டினார். போய்விட்டேன். ஏழரைக்குக் கடை திறக்க வேண்டும், சாவி என்னிடம். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், ஒரு வலி மாத்திரைகூடக் கொடுக்காமல் போயிருக்கிறேன். வெட்கம்.

மணியில் இருந்த துணியைக் கடை வாசலில்தான் பார்த்தேன்.

பிப். 11, செவ்வாய்

அதே இடம், அதே ஆரஞ்சு கோட். ஆள் வேறு. புதியவர் உயரம், ஒல்லி, மூக்குவரை துண்டு கட்டியிருந்தார். நேற்று இருந்தவர் வரவில்லையா என்று கேட்டேன். “தெரியாதுங்க.” சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுப்படிக் குழாய் ஒழுகல். கம்ப்ளைன்ட் எழுதியாயிற்று. நாளைக்கு வருவார்களாம். வரமாட்டார்கள்.

வாங்க: சேமியா, நீல சோப்பு, இவருக்கு சாக்ஸ்.

பிப். 12, புதன்

இன்றும் அந்த உயரமானவர்தான். குழாய்க்காரர் வரவில்லை.

கை உடைந்திருக்கும். ஆளை மாற்றிவிட்டார்கள். கான்ட்ராக்ட் வேலையில் கை ஆறும்வரை யார் இடம் வைத்திருப்பார்கள்? என்னால்தான். கடையில் ஒருவருக்கு கேஸ் மாத்திரைக்குப் பதில் பிரஷர் மாத்திரையை எடுத்து நீட்டினேன். நல்லவேளை, அவர் அட்டையைப் படிக்கிறவர்.

சைக்கிளில் போகிற நான் தினமும் ஒதுங்குவது: ஷிஃப்ட் பஸ்ஸுக்கு. ஸ்கூல் வேனுக்கு. நான்கு பேராக வரிசை கட்டி வாக்கிங் போகும் ரிட்டயர்டு சார்களுக்கு. நடு ரோட்டில் படுத்திருக்கும் மாட்டுக்கு. எனக்காக ஒதுங்குகிற ஒரே ஜீவன் அந்த அம்மாதான். அவரைப் போய் இடித்திருக்கிறேன்.

பிப். 13, வியாழன்

மனசு கேட்கவில்லை. சூப்பர்வைசர் மொபெட்டில் வந்து நின்றார். நேராகப் போய்க் கேட்டேன்: இங்கே திங்கட்கிழமை வரை பெருக்கியவர் எங்கே, நான்தான் சைக்கிளில் இடித்துவிட்டேன், அவர் எப்படி இருக்கிறார்?

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்த இடத்துக்கு மஞ்சுளா என்று ஒரே ஆள்தான் மேடம், அதோ பெருக்குகிறாரே என்றார். திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண் துண்டைக் கண்வரை ஏற்றிவிட்டார். சூப்பர்வைசர் பையிலிருந்து நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

நான் சைக்கிளில் ஏறி அடுத்த மரம்கூடத் தாண்டவில்லை. அந்தப் பெண் பின்னாலேயே ஓடிவந்தார்.

“எம் பேரு செல்விங்க. மஞ்சுளா எங்க அண்ணி. கை வீங்கிகினு வூட்ல கெடக்குது. அவங்க எடம் போயிடக் கூடாதுன்னுதான் அவங்க கோட்டப் போட்டுகினு நான் வந்துகினு இருக்கேன். இப்புடி அவர்கிட்டயே போய் கேட்டுட்டீங்களே.”

திட்டியிருந்தால் தேவலை. அழுதுகொண்டே போய் மறுபடி பெருக்க ஆரம்பித்துவிட்டார்.

திங்கட்கிழமை இடித்தது கையை. இன்று இடித்தது வேலையை.

பிப். 14, வெள்ளி

மத்தியானம் இவர் எழுந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

“உன்ன யாரு கேக்கச் சொன்னா? ஒருத்தருக்கு முடியலன்னா வீட்டு ஆள் ஒருத்தர் அதே பேர்ல வந்து நிப்பாங்க. மைன்ஸ்லயும் உண்டு. எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயத் திறக்க மாட்டாங்க.”

பதினெட்டு வருடமாக இந்த டவுன்ஷிப்பில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. பர்மனென்ட் ஊழியர் வீட்டுக்காரியாக இருந்ததன் லட்சணம்.

இவர் சொன்ன யோசனை: அன்றைக்குக் கண்ணாடி போடவில்லை, பனியில் ஆளை மாற்றிப் பார்த்துவிட்டேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிடு. கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

பிப். 15, சனி

அப்பாடா. அப்பாடா. அப்பாடா.

காலையில் சூப்பர்வைசரைப் பிடித்தேன். கண்ணாடி, பனி, ஆள் மாற்றம், எல்லாம் உளறினேன். முழுசாகக் கேட்டார். பிறகு ரோட்டைக் காட்டினார்.

“மேடம், ரோட்டுல எல இருக்குதா?”

இல்லை என்றேன்.

“அப்ப மஞ்சுளா வந்திருக்காங்கன்னு அர்த்தம்.”

அப்படியானால் அன்றைக்கு நோட்டில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேவிட்டேன். நாக்கை அடக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அவர் நோட்டைப் பிரித்தே காட்டினார். ‘டபுள் ரோடு: துடைப்பம் 2.’ அவ்வளவுதான். இரண்டு துடைப்பத்துக்காக நான் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறேன்.

செல்வி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். தலையாட்டிக் காட்டினேன். துண்டை இறக்கிவிட்டு மூச்சு விட்டார். அப்போதுதான் அவர் முகத்தையே பார்த்தேன். சின்னப் பெண். முப்பது இருக்காது.

குழாய்க்காரர் வந்தார்! வாஷர் மாற்றினார். இன்னும் ஒழுகுகிறது. பரவாயில்லை, இன்று எதுவும் பரவாயில்லை.

பிப். 16, ஞாயிறு

வெயில். செல்வியிடம் நேற்றே வழி கேட்டுக்கொண்டு, மஞ்சுளா வீடு இருக்கும் வடக்குத்துக்குச் சைக்கிளிலேயே. கூடையில் களிம்பு, கட்டுத்துணி, வாழைப்பழம். லாரி ஒன்று என்னைக் குழிக்குள் இறக்கிவிட்டுப் போயிற்று. டவுன்ஷிப் ஆர்ச் தாண்டினால் சைக்கிளுக்கு மரியாதை அவ்வளவுதான்.

மஞ்சுளா வாசலில் உட்கார்ந்து இடது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். வலது மணிக்கட்டில் கட்டு. எக்ஸ்ரே எடுத்தார்களாம், எலும்பு உடையவில்லை, சுளுக்குதான். அதைக் கேட்டதும் என் கண் நிறைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன், கோர்வையாக இல்லை, கேட்டேன்.

“உங்க மணி எனக்குத் தெரியும்ங்க. ரெண்டு தட்டு தட்டுவீங்க. அன்னிக்கி சத்தமே வரல. நீங்க லீவு போலன்னு நெனச்சிகினேன்” என்றார்.

மூன்று வருடம். நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. அவர் என் லீவைக் கணக்கு வைத்திருக்கிறார்.

செல்வி டீ போட்டார். நான் சூப்பர்வைசரிடம் உளறியதைச் சொன்னேன், இருவரும் அதை நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் தாமதமாக. “இடிச்சது பரவால்லீங்க. தேடிகினு திரிஞ்சீங்க பாருங்க, அதுக்குத்தான் பயந்துபூட்டோம்” என்றார் மஞ்சுளா. வலிக்கு என்ன சாப்பிடுகிறார் என்று பார்த்தேன். சரியான மாத்திரைதான். நாளைக்கு வேலைக்கு வருகிறாராம். இன்னும் இரண்டு நாள் போகட்டுமே என்றேன். செல்வி மாமியார் ஊரான சேத்தியாத்தோப்புக்குப் போக வேண்டுமாம், வேறு ஆள் இல்லை.

பிப். 17, திங்கள்

இவருக்கு ஜெனரல் ஷிஃப்ட், பகல் வேலை. துணி வேண்டியதில்லை.

டபுள் ரோட்டில் ஜீப். யாரோ பெரிய அதிகாரி. இலை குவிகிறது, ஆள் சரியாக வருவதில்லை என்று பிளாக் வீடுகளிலிருந்து யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மஞ்சுளா பக்கத்தில், கட்டுப் போட்ட கையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, இடது கையில் துடைப்பம். இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

அதிகாரி கை காட்டி என் சைக்கிளை நிறுத்தினார். தினமும் இந்த வழியாகத்தான் போகிறீர்களா என்றார். ஆமாம் என்றேன். இந்த அம்மா ஒழுங்காக வருகிறாரா, போன வாரம் வந்தாரா என்று கேட்டார். சூப்பர்வைசர் மரத்தைப் பார்த்தார். மஞ்சுளா தரையைப் பார்த்தார்.

கண்ணாடி, பனி, எதுவும் தேவைப்படவில்லை.

“தினமும் இவங்கதான் சார். ஒரு நாள்கூட நின்னதில்ல.”

கடைக்குப் பத்து நிமிஷம் லேட். ஷட்டர் முன்னால் நான்கு பேர். ஏன் லேட் என்று கேட்டார்கள். வாயைத் திறக்காமல் ஷட்டரைத் திறந்தேன்.